புயல் செய்தி உங்கள் போனுக்கு எப்படி வருகிறது? அரசு ஊடகமும் தனியார் ஊடகமும் ஒரே கம்பியில் பயணிக்கும் கதை

வானிலை அறிக்கை அரசுடையது. அதைப் படிக்கும் சேனல் தனியாருடையது. அந்தச் சேனலை வீட்டுக்குக் கொண்டுவரும் கேபிள் மறுபடியும் அரசுடையது. இந்தச் சங்கிலியில் யார் யாரை நம்பியிருக்கிறார்கள், யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள்?

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பகுதி மக்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க கரையைக் கடக்குது?" அடுத்த சில நிமிடங்களில் வீட்டில் டிவி ஓடும், போனில் யூடியூப் லைவ் ஓடும், வாட்ஸ்அப் குரூப்பில் பத்து வரைபடங்கள் வந்து விழும்.

அந்த ஒரே ஒரு செய்தியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். புயல் எங்கே இருக்கிறது என்று சொல்வது இந்திய வானிலை ஆய்வு மையம். அது மத்திய அரசு அமைப்பு. கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதும் அரசு. கூண்டின் கீழே மைக்கோடு நின்று பேசுபவர் பெரும்பாலும் தனியார் சேனல் செய்தியாளர். அந்தச் சேனல் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்வது மாநில அரசின் கேபிள் நிறுவனம் வழியாக. நடுவில் ஓடும் விளம்பரங்களில் ஒன்றிரண்டு அரசு விளம்பரங்கள். சேனலுக்கு உரிமம் கொடுத்ததும், தேவைப்பட்டால் அதை ரத்து செய்யக்கூடியதும் மத்திய அரசு.

அதாவது, அரசு ஊடகம் ஒரு பக்கம், தனியார் ஊடகம் மறுபக்கம் என்று இரண்டு தனித்தனி உலகங்கள் இந்தியாவில் இல்லை. அரசு இங்கே ஒரே நேரத்தில் போட்டியாளர், உரிமம் தருபவர், விளம்பரதாரர், சில இடங்களில் கேபிள்காரரும்கூட. இந்த ஏற்பாடு எப்படி உருவானது, எங்கே நன்றாக வேலை செய்கிறது, எங்கே இடிக்கிறது என்று பார்க்கலாம்.

ஒரே குரல் இருந்த காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு சுமார் 45 ஆண்டுகள் வானலையில் அரசு மட்டும்தான். 1885-ம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம், கம்பியில்லாத் தகவல் தொடர்பின் மீதான ஏகபோக உரிமையை அரசிடம் கொடுத்திருந்தது. ஆங்கிலேயர் எழுதிய சட்டம்தான். சுதந்திர இந்தியாவும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. பத்திரிகை தனியார் கையில் இருக்கலாம், வானொலியும் டிவியும் இருக்கக் கூடாது என்பதே நடைமுறை.

சென்னை வானொலி நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. டெல்டா மாவட்டங்களுக்குத் திருச்சி வானொலி செய்த வேலையை இன்றும் முதிய விவசாயிகள் சொல்வார்கள். 1960-களில் ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி தொடர்ந்து பேசியது. அந்த ரகம் தஞ்சைப் பகுதியில் வேகமாகப் பரவியது. எந்த அளவுக்கு என்றால், மக்கள் அதற்கு வைத்த பெயரே 'ரேடியோ நெல்'. லாபம் பார்க்கும் ஒரு நிறுவனம் நெல் விதையைப் பற்றி மாதக்கணக்கில் நிகழ்ச்சி நடத்துமா என்று யோசித்தால், அரசு ஊடகம் எதற்கு என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும்.

ஆனால் ஏகபோகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1952-ல் மத்திய அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் காலத்தில், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்கள் ஏறக்குறைய காணாமல் போயின. சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய எண்ணம். நேயர்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவை அணைக்கவில்லை, முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். சோழமண்டலக் கடற்கரை ஊர்களுக்கு இலங்கை ஒலிபரப்பு அந்நியமாகவே இல்லை. கடைசியில் 1957 அக்டோபர் 3-ம் தேதி 'விவித பாரதி' தொடங்கி, அரசு வானொலியே சினிமாப் பாட்டுக்குத் திரும்பியது. உள்நாட்டில் போட்டியே இல்லாத அரசு நிறுவனத்தை மாற்றியது கடல் தாண்டி வந்த போட்டி.

செய்தியில் நிலைமை இன்னும் மோசம். 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில், ஆல் இந்தியா ரேடியோவை 'ஆல் இந்திரா ரேடியோ' என்று மக்கள் கிண்டல் செய்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் வானொலிக்கும் தூர்தர்ஷனுக்கும் தன்னாட்சி வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. பி.ஜி. வர்கீஸ் தலைமையிலான குழு 1978-ல் அறிக்கை கொடுத்தது. பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 1997-ல். பேச்சு தொடங்கியதில் இருந்து அமைப்பு உருவாகும் வரை சுமார் 20 ஆண்டுகள். கையில் இருக்கும் மைக்கைக் கீழே வைக்க எந்த அரசுக்கும் அவசரம் இல்லை.

தனியார் உள்ளே வந்தது எப்படி?

சட்டம் மாறி, அதன்பிறகு தனியார் வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். முதலில் டிஷ் வந்தது, பிறகு சேனல் வந்தது, கடைசியாகத்தான் சட்டம் வந்தது.

1990-களின் தொடக்கத்தில் மொட்டை மாடிகளில் பெரிய டிஷ் ஆன்டெனாக்கள் முளைத்தன. ஒரு தெருவில் ஒருவர் டிஷ் வைப்பார். அங்கிருந்து வீடு வீடாகக் கம்பி போகும். 1993 ஏப்ரல் 14-ம் தேதி, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. 1975 முதல் தமிழ் நிகழ்ச்சிகளுக்குச் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தை மட்டுமே நம்பியிருந்த மக்களுக்கு, தமிழில் வேறொரு சேனல் என்பதே புதுசு.

1995 பிப்ரவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. வழக்கு கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றியது. மேற்கு வங்கக் கிரிக்கெட் சங்கம் ஒரு பக்கம், மத்திய அரசு மறுபக்கம். வானலைகள் பொதுச் சொத்து, அதில் அரசுக்கும் ஏகபோகம் கிடையாது, தனியாருக்கும் கிடையாது, பொது நலன் கருதி ஒரு சுதந்திரமான அமைப்பு அதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது.

தீர்ப்பில் இரண்டு பாதி. 'அரசுக்கு ஏகபோகம் இல்லை' என்ற முதல் பாதி நிறைவேறிவிட்டது. 'சுதந்திரமான அமைப்பு' என்ற இரண்டாம் பாதி இன்றுவரை முழுமையாக நடக்கவில்லை. சேனல்களுக்கு அனுமதி கொடுப்பது இப்போதும் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்தான். கட்டணத்தையும் விநியோக விதிகளையும் மட்டும் டிராய் பார்த்துக்கொள்கிறது.

இது வெறும் காகிதப் பிரச்சினை அல்ல. கேரளத்தின் மீடியாஒன் செய்திச் சேனலின் உரிமத்தைப் புதுப்பிக்க மத்திய அரசு மறுத்தது. பாதுகாப்பு அனுமதி இல்லை என்பதே காரணம் என்றது. 2023 ஏப்ரல் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அரசின் கொள்கைகளை விமர்சிப்பதாலேயே ஒரு சேனல் நாட்டுக்கு எதிரானது ஆகிவிடாது என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

சரி, இப்போ இருக்கிற விதிகள் என்ன?

ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தால் யார் எந்த அறையைப் பயன்படுத்துவது என்று ஒரு கணக்கு இருக்குமில்லையா? இங்கேயும் அப்படிச் சில கணக்குகள் இருக்கின்றன.

கட்டாய ஒளிபரப்பு: எந்த கேபிள் நிறுவனமாக இருந்தாலும், டிடிஎச் ஆக இருந்தாலும், அரசு அறிவிக்கும் தூர்தர்ஷன் சேனல்களைக் காட்டியே ஆக வேண்டும். நீங்கள் கேட்காவிட்டாலும் டிடி தமிழ் உங்கள் பட்டியலில் இருப்பது இதனால்தான். (பொதிகை என்ற பெயரில் இயங்கிய சேனல் 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது.)

விளையாட்டுப் பகிர்வு: தேசிய முக்கியத்துவம் உள்ளவையாக அறிவிக்கப்பட்ட போட்டிகளின் ஒளிபரப்பை, உரிமம் வாங்கிய தனியார் நிறுவனம் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். 2007-ம் ஆண்டுச் சட்டம் இது. டிவி விளம்பர வருமானத்தில் 75 சதவீதம் உரிமம் வைத்திருப்பவருக்கு, 25 சதவீதம் பிரசார் பாரதிக்கு. ஆனால் 'தூர்தர்ஷனைத்தான் கேபிளிலும் காட்டுகிறார்களே, அங்கேயும் மேட்ச் இலவசமாகத் தெரியுமே' என்ற வழியை 2017-ல் உச்ச நீதிமன்றம் அடைத்தது. பகிரப்பட்ட ஒளிபரப்பு தரைவழி தூர்தர்ஷனிலும் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே.

ஃப்ரீ டிஷ்: மாதக் கட்டணம் இல்லாத அரசு டிடிஎச் இது. இதில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலத்தில் பணம் கட்டுகின்றன. வட மாநிலங்களில் இது மிகப் பெரிய சந்தை. கேபிள் வலுவாக இருக்கும் தமிழ்நாட்டில் அந்த அளவுக்குப் பரவவில்லை.

பொதுச் சேவை நேரம்: கல்வி, சுகாதாரம், வேளாண்மை போன்ற பொது நலத் தலைப்புகளில் தனியார் சேனல்கள் தினமும் 30 நிமிடம் ஒளிபரப்ப வேண்டும் என்று 2022-ல் வந்த வழிகாட்டுதல் சொல்கிறது.

எஃப்.எம்.ல நியூஸ் ஏன் வர்றதில்ல?

இந்த விதிகளில் விசித்திரமானது எஃப்.எம். விதி. தனியார் டிவி 24 மணி நேரமும் செய்தி சொல்லலாம். யூடியூபில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் மறு ஒலிபரப்பு செய்ய மட்டும் அனுமதி. அதை இலவசமாகவே தருகிறோம் என்று 2019 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. சமுதாய வானொலிகளுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. போக்குவரத்து நெரிசல், வானிலை, தேர்வு முடிவு போன்றவை மட்டும் 'செய்தி' கணக்கில் வராது.

காரணமாகச் சொல்லப்படுவது பாதுகாப்பு: ஆயிரக்கணக்கான உள்ளூர் ஒலிபரப்புகளைக் கண்காணிப்பது கடினம் என்பது. கையில் போன் இருக்கும் காலத்தில் இந்தக் காரணம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது கேள்வி. 2023 செப்டம்பரில் டிராய், தனியார் எஃப்.எம். நிலையங்கள் ஒரு மணி நேரத்தில் 10 நிமிடம் வரை செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது.

கடலூர் மாவட்டத்துக்கு இது நேரடியாக முக்கியம். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, நாடு முழுவதும் 234 புதிய நகரங்களில் தனியார் எஃப்.எம். ஏலத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பட்டியலில் நெய்வேலியும் இருக்கிறது. இப்போது சிதம்பரத்துக்கு அருகில் உள்ள அரசு வானொலி நிலையங்கள் என்றால் வடக்கே புதுச்சேரி, தெற்கே காரைக்கால். இரண்டுமே வேறொரு நிர்வாகப் பகுதியின் ஊர்கள். நெய்வேலியில் ஒரு எஃப்.எம். வந்தால் மாவட்டத்துக்கென்று ஒரு குரல் கிடைக்கும். ஆனால் செய்தி விதி மாறாவிட்டால், வீராணம் ஏரியில் தண்ணீர் திறக்கும் விவகாரத்தில் விவசாயிகள் என்ன சொல்கிறார்கள் என்று அந்தக் குரலால் விவாதிக்க முடியாது. பாட்டு மட்டும் போடலாம்.

அரசு கேபிள்: தமிழ்நாட்டின் தனிக்கதை

டெல்லியில் நடப்பது ஒரு கதை என்றால், தமிழ்நாட்டில் நடப்பது வேறு கதை. இங்கே அரசு சேனல் நடத்துவதைவிட, சேனல் வரும் குழாயைக் கையில் எடுத்தது.

2000-களில் மாநிலத்தின் கேபிள் விநியோகத்தில் ஆதிக்கம் செலுத்தியது சன் குழுமத்தைச் சேர்ந்த சுமங்கலி கேபிள் விஷன். சேனலும் அவர்களுடையது, கம்பியும் அவர்களுடையது என்றால் போட்டிச் சேனல்கள் என்ன ஆகும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு, கேபிள் நிறுவனங்களைக் கையகப்படுத்த ஒரு மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை.

அடுத்து வந்தது கருணாநிதி அரசு. 2007 மே 9-ம் தேதி, ஒரு கருத்துக்கணிப்பை ஒட்டி மதுரையில் தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். ஆளும் குடும்பத்துக்கும் சன் குழுமத்துக்கும் இடையே விரிசல் விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் கலைஞர் டிவி தொடங்கியது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனமும் அந்த ஆண்டே உருவானது. பின்னர் குடும்பம் சமாதானம் ஆனது. அரசு கேபிளின் வேகமும் குறைந்தது.

2011-ல் மீண்டும் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அதற்கு உயிர் கொடுத்தார். மாதம் 70 ரூபாய். அதில் 20 ரூபாய் நிறுவனத்துக்கு, 50 ரூபாய் கேபிள் ஆபரேட்டருக்கு. வீடுகளுக்கு இது பெரிய நிம்மதி. தொடக்கத்தில் சன் உள்ளிட்ட கட்டணச் சேனல்கள் இல்லாமல் இருந்து, பிறகு அவை சேர்ந்தன. 2017-ல் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. செட்டாப் பாக்ஸ் இலவசமாகக் கொடுக்கப்பட்டது.

இதில் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. தனியார் ஒருவரின் பிடியை உடைத்து, விலையைக் குறைத்தது லாபம். ஆனால் குழாய் அரசின் கையில் இருந்தால், எந்தச் சேனல் எந்த எண்ணில் வரும் என்பதும் அரசின் கையில். 2018-ல் கோவையில் புதிய தலைமுறை நடத்திய ஒரு விவாத நிகழ்ச்சி தொடர்பாக அந்தச் சேனல் மீது வழக்குப் பதிவானது. அதே நாட்களில் அரசு கேபிள் பட்டியலில் அந்தச் சேனல் வெகு பின்னால் தள்ளப்பட்டதாகச் செய்திகள் வந்தன. எதிர்க்கட்சிகளும் பத்திரிகையாளர் அமைப்புகளும் கண்டித்தன.

இதை யோசித்துப் பாருங்கள். சேனலைத் தடை செய்ய உத்தரவு வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். சேனல் எண்ணை மாற்றினால் அது அவ்வளவாகக் கண்ணில் படாது. பார்ப்பவர் ரிமோட்டை நாலு தரம் அழுத்திவிட்டு, 'வரல போல' என்று அடுத்த சேனலுக்குப் போய்விடுவார்.

மாநில அரசு இந்தத் தொழிலில் இருக்கலாமா என்பதே சர்ச்சை. அரசியல் சாசனத்தில் ஒலிபரப்பு மத்தியப் பட்டியலில் 31-வது இனம். அரசுகளும் கட்சிகளும் ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று டிராய் 2008-லும் 2012-லும் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் மத்திய அமைச்சகமும் அதையே வலியுறுத்தியது: மாநில அரசின் சேனல்கள் பிரசார் பாரதி வழியாகத்தான் வர வேண்டும், விநியோகத்தில் இருந்து 2023 இறுதிக்குள் வெளியேற வேண்டும் என்றது. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் அரசு கேபிளும் இதன் வளையத்துக்குள் வந்தன. கொரோனா காலத்தில் போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய சேனல் அது. 'மாநிலம் சேனல் நடத்தக் கூடாது, மத்திய அரசு மட்டும் நடத்தலாமா?' என்ற எதிர்க்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

தன்னாட்சி: காகிதத்திலும் நிஜத்திலும்

பிரசார் பாரதி சட்டப்படி தன்னாட்சி அமைப்பு. ஆனால் ஊழியர் சம்பளத்துக்கும் புதிய கருவிகளுக்கும் மத்திய அரசின் பணம் வேண்டும். 2023-ல் வானொலி, தூர்தர்ஷன் கட்டமைப்பு மேம்பாட்டுக்காக மட்டும் 2,539.61 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. பணம் கொடுப்பவர் பேச்சைக் கேட்காமல் இருப்பது யாருக்கும் கஷ்டம்.

அதனால்தான் சின்ன மாற்றம்கூட அரசியல் ஆகிறது. 2023 மே மாதம் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயருக்குப் பதில் 'ஆகாசவாணி' மட்டுமே பயன்படுத்த உத்தரவு வந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. 'வானொலி' என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக ஆக்கிய ஊர் இது. 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நேரத்தில் டிடி நியூஸ் இலச்சினை காவி நிறத்துக்கு மாறியபோதும் அதே விவாதம்.

தனியார் மட்டும் முழுச் சுதந்திரமா? அதுவும் இல்லை. தமிழ்ச் சேனல்களில் பல, கட்சிகளோடும் கட்சிக் குடும்பங்களோடும் தொடர்புள்ளவை. பத்திரிகைகளுக்கும் சேனல்களுக்கும் அரசு விளம்பரம் ஒரு முக்கிய வருமானம். விளம்பரத்தை நிறுத்தினால் போதும், தணிக்கை தேவையில்லை. வரிப்பணத்தில் தலைவர்களின் முகத்தை விளம்பரம் செய்வதற்கு உச்ச நீதிமன்றம் 2015-ல் கடிவாளம் போட்டது. பிரதமர், குடியரசுத் தலைவர், தலைமை நீதிபதி படங்கள் மட்டும் என்றது. மாநில அரசுகள் மறுஆய்வு கேட்டுப் போக, 2016-ல் முதல்வர்கள், ஆளுநர்கள், அமைச்சர்கள் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது.

மின்சாரம் போனால் யார் பேசுவார்?

இந்த விவாதமெல்லாம் கரன்ட் இருக்கும்வரைதான். 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போனது ஊருக்கே தெரியும். கேபிள் இல்லை, டிவி இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பேட்டரி ரேடியோதான் மிச்சம்.

2015 வெள்ளத்தில் இன்னொரு பாடம். நவம்பரில் பண்ருட்டி அருகே விசூர், பெரியகாட்டுப்பாளையம் போன்ற கிராமங்களில் திடீர் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. டிசம்பரில் மறுபடி மழை. தேசியச் சேனல்களின் கேமராக்கள் சென்னையில் நின்றன. அப்போதுதான் கடலூரில் மாவட்ட நிர்வாகத்தின் முயற்சியில் 107.8 மெகாஹெர்ட்ஸில் ஒரு பேரிடர் கால வானொலி தொடங்கியது. எங்கே மருத்துவ முகாம், எங்கே நிவாரணம் என்று உள்ளூர் மக்களுக்கான தகவலை உள்ளூர்க் குரலில் சொல்வதுதான் அதன் வேலை.

கவனிக்க வேண்டிய விஷயம், இதை விளம்பரத்தை நம்பும் தனியார் செய்திருக்க முடியாது. வெள்ளத்தில் நிற்கும் ஊரில் யார் விளம்பரம் கொடுப்பார்கள்? அதே நேரத்தில், நிவாரணம் போய்ச் சேராத தெருவை அரசு வானொலி காட்டாது. அதைக் காட்டியது தனியார் செய்தியாளர்களும் மக்களின் போன்களும். 'முகாம் எங்கே' என்பதை அரசும், 'முகாமில் சாப்பாடு வந்ததா' என்பதைத் தனியாரும் சொன்னால்தான் முழுச் செய்தி. இரண்டில் ஒன்று போனாலும் பாதிதான் தெரியும்.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது களத்தில் மூன்றாவது தரப்பும் சேர்ந்திருந்தது: தனிநபர் வானிலை ஆர்வலர்களும் யூடியூபர்களும். இவர்கள் அரசும் இல்லை, உரிமம் பெற்ற தனியாரும் இல்லை. பலர் அரசு வானிலை மையத்தின் தரவை எளிய தமிழில் விளக்குகிறார்கள். சிலர் பயத்தை விற்கிறார்கள்.

இதைச் சமாளிக்க அரசுகள் எடுத்த வழி, 'எது பொய்ச் செய்தி என்று நாங்களே சொல்கிறோம்' என்பது. தமிழ்நாடு அரசு 2023-ல் தகவல் சரிபார்ப்பகம் தொடங்கியது. மத்திய அரசின் சரிபார்ப்புப் பிரிவுக்குச் சட்ட அதிகாரம் தரும் விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசைப் பற்றிய செய்தி உண்மையா என்று அரசே தீர்ப்பு சொல்ல முடியாது என்பதுதான் சிக்கலின் மையம்.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டன்: பிபிசிக்கு மக்கள் நேரடியாக உரிமக் கட்டணம் கட்டுகிறார்கள். விளம்பரத்தில் ஓடும் ஐடிவி 1955-ல் வந்தது. அரசுச் சொத்தாக இருந்தும் விளம்பரத்தில் இயங்கும் சேனல் 4, 1982-ல் வந்தது. மூன்று சேனல்கள், மூன்று விதமான ஏற்பாடுகள். ஒருவர் வாயை அடைத்தாலும் மற்றவர் பேசுவார் என்பது இதன் பலன்.

அமெரிக்கா: பொது ஊடகங்களுக்கு நிதி தரும் அமைப்பு 1967-ல் சட்டம் மூலம் உருவானது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கான சுமார் 110 கோடி டாலரை ரத்து செய்தது. அமைப்பே மூடுவதாக அறிவித்தது. அரசு நிதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம்.

இலங்கை: அரசின் ரூபவாஹினி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு பக்கம், சக்தி, சூரியன் போன்ற தனியார் தமிழ் ஒலிபரப்புகள் மறுபக்கம். 2022 ஜூலை 13-ல் போராட்டக்காரர்கள் ரூபவாஹினிக்குள் நுழைந்து, ஒளிபரப்பு சிறிது நேரம் நின்றது. அரசு டிவியை மக்கள் தங்களுடையதாகப் பார்க்காமல் ஆட்சியாளருடையதாகப் பார்த்ததன் விளைவு அது.

அப்போ நமக்கு எது நல்லது?

'அரசு ஊடகமே வேண்டாம்' என்பவர்கள் ரேடியோ நெல்லையும் 107.8-ஐயும் மறந்துவிடுகிறார்கள். 'தனியாரை நம்ப முடியாது, அரசே பார்த்துக்கொள்ளட்டும்' என்பவர்கள் நெருக்கடி நிலையை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் இருக்க வேண்டும் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. நடுவராக யார் இருப்பது என்பதில்தான் சர்ச்சை. ஆட்டத்தில் விளையாடுபவரே விசிலும் ஊதினால் அது ஆட்டம் இல்லை. 1995 தீர்ப்பு கேட்ட சுதந்திரமான அமைப்பு என்பது அந்த விசிலை வேறொருவர் கையில் கொடுப்பது.

2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஒளிபரப்புச் சேவைகள் வரைவு மசோதா, டிவி முதல் ஓடிடி வரை எல்லாவற்றையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவர முயன்றது. யூடியூபர்களையும் அதில் இழுக்கிறார்கள் என்ற எதிர்ப்பு கிளம்பி, 2024-ல் மறு ஆலோசனைக்குப் போனது. அடுத்த வரைவு எப்போது வந்தாலும் அதில் முதலில் தேட வேண்டிய வரி ஒன்றுதான்: உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

நீங்கள் செய்யக்கூடியவை

• மழைக்காலத்துக்கு முன் ஒரு பேட்டரி ரேடியோ வாங்கி வையுங்கள். நெட்வொர்க் டவர் விழுந்தாலும் அது பேசும். கரன்ட் இருக்கும் நாட்களில் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் வானொலிச் செய்தி கேட்கலாம்.

• புயல் எச்சரிக்கையை முதலில் வானிலை மையத்தின் பக்கத்தில் பாருங்கள். விளக்கத்துக்கு மட்டும் மற்றவர்களிடம் போங்கள்.

• வழக்கமாகப் பார்க்கும் சேனல் திடீரென்று காணாமல் போனால், ஆபரேட்டரிடம் காரணம் கேளுங்கள். 'சிக்னல் இல்ல' என்ற பதிலோடு விடாதீர்கள்; புகார் எண் கேட்டு வாங்குங்கள். டிராய் விதிப்படி ஒவ்வொரு விநியோக நிறுவனமும் புகார் மையம் வைத்திருக்க வேண்டும்.

• ஒரு முக்கியச் செய்தியை ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அரசு சொன்னது என்ன, தனியார் காட்டியது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் பெரும்பாலும் உண்மை உட்கார்ந்திருக்கும்.